டொமைனை மாற்றினோம், மெயில் வருவதில்லை

மருதமுனையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"சேர், வாப்பா காலத்திலிருந்து எங்களுக்குக் கைத்தறிதான் தொழில். சாரமும் சாரியும் நெய்து கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புகிறோம். வெப்சைட் செய்து தந்த பொடியன் எடுத்துத் தந்த டொட் கொம் பெயரைத்தான் இவ்வளவு காலமும் பாவித்தோம். பெயரைப் பதிந்து வைத்திருந்த பழைய ரெஜிஸ்ட்ரார் புதுப்பிக்கும் கட்டணத்தைக் கூட்டியதால் போன கிழமை வேறொரு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றினோம். மாற்றம் முடிந்த கையோடு வெப்சைட் விழுந்தது. பொடியனிடம் சொன்னதும் அன்றைக்கே சரிப்படுத்தினார். மெயில்தான் சரிவரவில்லை. முதல் ஒன்றிரண்டு நாள் சிலருடைய மெயில் வந்தது, சிலருடையது வரவில்லை. இப்போது ஒன்றுமே வருவதில்லை. புறக்கோட்டை வியாபாரி ஒருவர், தனக்குத் திரும்பி வந்த மெயிலைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். 550 என்ற இலக்கமும் 'ரிலே நொட் பெர்மிட்டட்' என்ற வரியும் அதில் இருக்கின்றன. நாங்கள் அனுப்புவது போகிறது, ஆனால் ஸ்பாமில் விழுகிறதாம். எக்கவுண்ட்ஸ் முகவரிக்கு வருவது கத்தாரில் இருக்கும் நானாவுக்குத் தானாகப் போகும், அதுவும் நின்றுவிட்டது. மெயில் பெட்டிகளுக்கு வேறொரு நிறுவனத்துக்கு வருடாவருடம் காசு கட்டுகிறோம். அவர்களைக் கேட்டால் தங்கள் பக்கம் பிழையில்லை என்கிறார்கள். பழைய இடத்துக்கே திரும்பிப் போகலாமா? வராத மெயில்கள் போனது போனதுதானா? தம்பியின் கல்முனைக் கடைக்கும் அதே பழைய இடத்தில் ஒரு டொட் கொம் பெயர் இருக்கிறது. அதற்கு மெயில் பெட்டி இல்லை, வருவதெல்லாம் அவருடைய ஜீமெயிலுக்குப் போகும்படி வைத்திருக்கிறோம். அதை மாற்றவே பயமாக இருக்கிறது."

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புதிய ரெஜிஸ்ட்ராரின் கணக்கைத் திறந்து, டொமைன் உரிமையாளரின் ஈமெயில் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடிதத்தை ஜீமெயிலிலிருந்து அனுப்பியிருக்கிறீர்கள், ஆனால் அடியில் தொடர்புக்கு உங்கள் டொமைனிலுள்ள இன்ஃபோ முகவரியைத்தான் போட்டிருக்கிறீர்கள். அங்கேயும் அதுவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

இருந்தால் ஆபத்து. டொட் கொம் போன்ற பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகான் என்ற அமைப்பின் ஒப்பந்தப்படி, ஒரு டொமைன் புதிய ரெஜிஸ்ட்ராரிடம் வந்து 15 நாளுக்குள் உரிமையாளரின் தொடர்பை அவர்கள் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். வழக்கமாக ஒரு மெயில் வரும், அதிலுள்ள இணைப்பை அழுத்தினால் வேலை முடிந்தது. பதில் வராவிட்டால் வேறு வழியில் அவர்களே விசாரித்து உறுதிப்படுத்த வேண்டும், இல்லையென்றால் டொமைனை இடைநிறுத்த வேண்டும். அந்த மெயில் போகும் முகவரியோ உங்கள் இன்ஃபோ. அதற்குத்தான் ஒன்றும் வருவதில்லையே! போன கிழமை மாற்றம் முடிந்ததென்றால் பாதி நாள் ஏற்கெனவே கழிந்துவிட்டது. இப்படியே விட்டால் இன்றைக்கு ஓடுகிற வெப்சைட்டும் அடுத்த கிழமை விழலாம். கணக்குக்குள் நுழையும்போது கேட்கும் ஒருமுறைக் குறியீடும் அதே முகவரிக்கு வரும்படி இருந்தால் உள்ளே போகவே முடியாது. அப்படி மாட்டிக்கொண்டிருந்தால் அவர்களுடைய உதவிப் பிரிவை இன்றைக்கே பிடியுங்கள். காசு கட்டிய பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதையுங்கள்.

சரி, என்ன நடந்தது என்று பார்ப்போம்.

டொமைன் பெயர் யாரிடம் பதிவாகியிருக்கிறது என்பது ஒரு விஷயம். அந்தப் பெயருக்கு வெப்சைட் எங்கே, மெயில் எங்கே என்று உலகத்துக்குச் சொல்லும் டிஎன்எஸ் பட்டியல் எங்கே இருக்கிறது என்பது வேறு விஷயம். மெயில் பெட்டிகள் மூன்றாவது இடத்தில். ரெஜிஸ்ட்ராரை மாற்றுவதால் மட்டும் மெயில் நிற்காது. காணி உறுதியை ஒரு நொத்தாரிசிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் வைத்தால் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை மாறிவிடுமா? ஆனால் உங்கள் டிஎன்எஸ் பட்டியல் பழைய ரெஜிஸ்ட்ராரிடம் இலவசமாகக் கிடந்திருக்கிறது. பட்டியலை வைத்திருக்கும் சேர்வருக்கு நேம்சேர்வர் என்று பெயர். மாற்றும்போது புதியவருடைய பக்கத்தில் 'எங்கள் நேம்சேர்வரைப் பாவியுங்கள்' என்ற பெட்டியில் சரி அடையாளம் விழுந்திருக்கும். அநேகமாக அது முன்கூட்டியே போடப்பட்டிருக்கும், யாரும் கவனிப்பதில்லை. அங்கே இருந்தது வெறும் பட்டியல், அதனால்தான் வெப்சைட் விழுந்தது. பொடியன் வந்து வெப்சைட்டுக்கான ஒரு வரியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மெயிலுக்கான வரிகளை யாரும் போடவில்லை. அவரைக் குறை சொல்லாதீர்கள், நீங்கள் கேட்டது வெப்சைட்டைத்தான்.

இதற்கு அத்தாட்சி புறக்கோட்டை வியாபாரி அனுப்பிய அந்த ஒரு வரி. ஒரு டொமைனுக்கு மெயில் எந்த சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் என்ற வரி. அது இல்லையென்றால் அனுப்பும் சேர்வர் சும்மா இருந்துவிடாது. வெப்சைட் இருக்கும் சேர்வரையே மெயில் சேர்வராக எடுத்துக்கொண்டு அங்கே போய்த் தட்டும், மெயிலின் அடிப்படை விதியே அப்படித்தான். வெப்சைட் சேர்வருக்கு உங்கள் பெட்டிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. 'இது என்னிடம் வரவேண்டிய மெயில் இல்லை, கடத்திவிடவும் மாட்டேன்' என்று திருப்பி அனுப்புகிறது. 550 'ரிலே நொட் பெர்மிட்டட்' என்பது அதுதான். திருப்பி அனுப்பியது உண்மையில் உங்கள் நல்ல காலம். சில ஹொஸ்டிங் சேர்வர்கள் வருவதை எல்லாம் வாங்கி, யாரும் திறக்காத ஒரு பெட்டியில் போட்டுவிடும். அனுப்பியவர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைப்பார், நீங்கள் அவர் எழுதவே இல்லை என்று நினைப்பீர்கள்.

முதல் ஒன்றிரண்டு நாள் சில மெயில் வந்ததற்கும் காரணம் இருக்கிறது. டொட் கொம் பெயர்களுக்கு எந்த நேம்சேர்வர் என்ற தகவலை மற்ற சேர்வர்கள் 48 மணிநேரம் வரை ஞாபகத்தில் வைத்திருக்கலாம். பழைய தகவலை வைத்திருந்தவர்கள் பழைய பட்டியலைப் பார்த்து அனுப்பினார்கள், வந்தது. ஞாபகம் கலைந்ததும் அவர்களும் புதிய இடத்துக்கு வந்துவிட்டார்கள். மெயில் நிறுவனம் தங்கள் பக்கம் பிழையில்லை என்று சொன்னது சரிதான். அவர்களுடைய வாசலுக்கு மெயில் வந்தால்தானே! ஆனாலும் 'உங்கள் எம்எக்ஸ் வரியைக் காணவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இனி வேலை. தேவையான வரிகளைப் பழைய ரெஜிஸ்ட்ராரிடம் தேடி அலைய வேண்டாம். மெயில் நிறுவனத்தின் நிர்வாகப் பக்கத்தில் உங்கள் டொமைனைத் திறந்தால், போடவேண்டிய எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகிம் வரிகள் அப்படியே இருக்கும். அதைப் பார்த்துப் புதிய ரெஜிஸ்ட்ராரின் டிஎன்எஸ் பக்கத்தில் ஏற்றுங்கள். கையால் தட்டாமல் கொப்பி செய்து ஒட்டுங்கள். எம்எக்ஸ் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை இலக்கம் இருக்கும், அதையும் சேர்த்துப் போட வேண்டும். புதிய ரெஜிஸ்ட்ரார் தன்னுடைய எம்எக்ஸ் எதையாவது தானாக வைத்திருந்தால் அதை அழித்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் பாதி மெயில் இங்கேயும் பாதி அங்கேயும் போகும், அதைக் கண்டுபிடிப்பது ஒன்றும் வராததைவிடக் கஷ்டம்.

நீங்கள் அனுப்புவது ஸ்பாமில் விழுவது மற்ற இரண்டு வரிகளும் இல்லாததால். இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சேர்வர்களுக்கு உரிமை என்று சொல்வது எஸ்பிஎஃப். டிகிம் என்பது ஒவ்வொரு மெயிலிலும் விழும் டிஜிட்டல் கையொப்பம், அதைச் சரிபார்க்கும் சாவி டிஎன்எஸ் பட்டியலில் இருக்க வேண்டும். 2024 பெப்ரவரியிலிருந்து ஜீமெயிலும் யாஹூவும் இதில் கடுமை. சாதாரணமாக அனுப்புகிறவரிடமும் இரண்டில் ஒன்றாவது கேட்கிறார்கள். நீங்கள் இரண்டையும் போடுங்கள். பழைய பட்டியலில் டிமார்க் என்று ஒரு வரி, அதாவது இந்தச் சோதனைகளில் தவறும் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் வரி, இருந்திருந்தால் அதையும் ஏற்றுங்கள்.

எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். வெப்சைட் சேர்வரும் உங்கள் பெயரில் மெயில் அனுப்புகிறது என்றால் இரண்டையும் ஒரே வரிக்குள் சேர்க்க வேண்டும். இரண்டு தனி வரி போட்டால் இரண்டுமே செல்லாது.

டிகிம் போடும்போது பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. மெயில் நிறுவனம் தரும் பெயர் நீளமாக இருக்கும்: முதலில் ஒரு அடையாளச் சொல், பிறகு ஒரு கீழ்க்கோடும் 'டொமைன்கீ' என்ற சொல்லும், கடைசியில் உங்கள் டொமைன். பல ரெஜிஸ்ட்ரார்களின் பக்கங்கள் உங்கள் டொமைன் பெயரைத் தாமாகவே பின்னால் ஒட்டிவிடும். நீங்கள் முழுப் பெயரையும் ஒட்டினால் டொமைன் இரண்டு தரம் வந்துவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், வேலை செய்யாது. சேமித்த பிறகு அந்த வரியைத் திரும்பத் திறந்து, டொமைன் பெயர் ஒரு தரம்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சாவி நீண்ட எழுத்துக் கூட்டம், நடுவில் இடைவெளியோ வரி முறிவோ விழக்கூடாது.

போட்டு முடித்து ஒரு மணிநேரம் பொறுத்து, உங்கள் ஜீமெயிலிலிருந்து இன்ஃபோவுக்கு ஒன்று அனுப்புங்கள், இன்ஃபோவிலிருந்து ஜீமெயிலுக்கு ஒன்று. ஜீமெயிலை கம்ப்யூட்டரில் திறந்து, வந்த மெயிலின் மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' என்பதற்குப் போனால் மேலேயே எஸ்பிஎஃப், டிகிம் என்று இருக்கும். இரண்டுக்கும் நேரே 'பாஸ்' என்று வந்தால் சரி. இல்லை என்று காட்டினாலும் உடனே எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட வேண்டாம். 'வரி இல்லை' என்ற பதிலையும் சேர்வர்கள் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும். இந்த வேலையில் பாதிச் சிக்கல் பொறுமையில்லாமல் திரும்பத் திரும்ப மாற்றுவதால் வருவது.

மெயில் வரத் தொடங்கியதும், ரெஜிஸ்ட்ராரின் பக்கத்தில் உறுதிப்படுத்தல் மெயிலைத் திரும்ப அனுப்பச் சொல்லி அழுத்தி, வந்ததும் இணைப்பைத் திறந்து முடியுங்கள். அதற்குப் பிறகுதான் உரிமையாளரின் ஈமெயிலை ஜீமெயில் மாதிரி வெளி முகவரி ஒன்றுக்கு மாற்ற வேண்டும். முதலிலேயே மாற்றப் போனால் பழைய முகவரியிலும் சம்மதம் கேட்கலாம், அது வேலை செய்யாத நேரத்தில் இன்னும் சிக்கும். அந்தப் பக்கத்திலேயே உரிமையாளர் பெயர் யாருடையது என்றும் பாருங்கள். எடுத்துத் தந்தவர் பொடியன் என்கிறீர்கள். இங்கே நான் பார்க்கும் கடைகளில் பாதிக்கு டொமைன் வெப்சைட் செய்தவருடைய பெயரில்தான் இருக்கிறது. நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும், நாளைக்கு அவரும் கத்தாருக்குப் போய்விட்டால் யாரிடம் கேட்பீர்கள்? உங்கள் பெயருக்கோ நிறுவனத்தின் பெயருக்கோ மாற்றிவிடுங்கள்.

பழைய இடத்துக்குத் திரும்புவதா? தேவையில்லை, இப்போது முடியவும் முடியாது. ஒரு மாற்றம் முடிந்தால் 60 நாளுக்கு அடுத்த மாற்றத்தைத் தடுத்து வைப்பது வழக்கம். காசு வீணாகவும் இல்லை. மாற்றும்போது கட்டியது ஒரு வருடமாகப் பழைய முடிவுத் திகதியோடு கூடியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வராத மெயில்களைப் பற்றி உண்மையைச் சொன்னால், 550 என்று திரும்பியவை உங்களிடம் வரப்போவதில்லை. அவை எங்கேயும் தேங்கி நிற்கவில்லை, அனுப்பியவரிடமே திரும்பிவிட்டன. வேறு தற்காலிகக் காரணத்தால் நின்றவை மட்டும் அனுப்பியவரின் சேர்வரில் வரிசையில் கிடக்கும். நாலைந்து நாள் வரை அது திரும்பத் திரும்ப முயலும், அவை தாமாக வந்து சேரலாம். ஆகவே வழக்கமாக ஓடர் தருகிறவர்களுக்கு போனில் அல்லது வட்ஸ்அப்பில் சொல்லுங்கள்: இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை அனுப்பியதைத் திரும்ப அனுப்புங்கள் என்று. அந்தச் செய்தியில் வங்கிக் கணக்கு விபரம் ஒன்றும் போடாதீர்கள். 'எங்கள் மெயில் பழுது, இந்தப் புதுக் கணக்குக்குக் காசு போடுங்கள்' என்பதுதான் ஏமாற்றுக்காரர்களின் வழக்கமான பாட்டு. விபரம் தெரிந்த வியாபாரி உங்களையே சந்தேகிப்பார். பெருநாள் ஓடர் ஏதும் இடையில் மாட்டியிருக்கலாம், ஆகவே புறக்கோட்டைக்காரரிடமிருந்து தொடங்குங்கள்.

நானாவின் விஷயத்துக்குத் தனி வைத்தியம் வேண்டியதில்லை. எக்கவுண்ட்ஸுக்கு வருவதைக் கத்தாருக்குத் திருப்பும் ஏற்பாடு மெயில் நிறுவனத்தில் இருக்கிறது. எம்எக்ஸ் சரியானால் அதுவும் ஓடும்.

தம்பியின் கடைதான் உங்களுடையதைவிடச் சிக்கல். பெட்டி இல்லை, வருவது ஜீமெயிலுக்குப் போகிறது என்றால் அந்தத் திருப்பிவிடும் வேலையைச் செய்வது பழைய ரெஜிஸ்ட்ரார்தான். அது அவர்கள் தங்கள் வாடிக்கையாளருக்குத் தரும் சலுகை, டொமைன் கைமாறினால் அதுவும் போய்விடும். அங்கே எம்எக்ஸ் வரியைப் பார்த்து எழுதி வைத்துப் பிரயோசனமில்லை, அந்த வரி காட்டுவதே பழையவரின் சேர்வரைத்தான். அதனால் முதலில் திருப்பிவிடும் வேலைக்கு வேறு ஆள் பிடிக்க வேண்டும். புதிய ரெஜிஸ்ட்ராரிடம் அந்த வசதி உண்டா என்று கேளுங்கள். க்ளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனத்திலும் டிஎன்எஸ் இலவசம், மெயிலைத் திருப்பிவிடுவதும் இலவசம். எனக்கு இரண்டாவதே பிடிக்கும். டிஎன்எஸ் பட்டியல் ரெஜிஸ்ட்ராரிடம் இல்லாமல் தனியாக இருந்தால் பிறகு எத்தனை ரெஜிஸ்ட்ரார் மாறினாலும் மெயில் அசையாது.

க்ளவுட்ஃபிளேர் என்று முடிவெடுத்தால், டொமைன் இன்னும் பழையவரிடமே இருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். பட்டியலை அங்கே ஏற்றுங்கள். அது தானாகப் பழைய வரிகளைத் தேடி எடுத்துத் தரும், ஆனால் எல்லாம் அகப்படாது. பழைய பக்கத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள், போனில் படமும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். டிஎன்எஸ்செக் என்று ஒன்று, அதாவது பட்டியல் போலியல்ல என்று காட்டும் கையொப்பம், பழைய இடத்தில் போடப்பட்டிருந்தால் அதை முதலில் நிறுத்தி இரண்டு நாள் விடுங்கள். நிறுத்தாமல் நேம்சேர்வரை மாற்றினால் சிலருக்கு மட்டும் டொமைனே இல்லாத மாதிரிப் போய்விடும். அப்புறம் நேம்சேர்வரை மாற்றி, மெயில் திருப்பிவிடுவதைப் போட்டு, மூன்று நாள் வரவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் மாற்றத்தைத் தடுக்கும் லொக்கைத் திறந்து, மாற்றக் குறியீட்டை வாங்கி, புதிய ரெஜிஸ்ட்ராரிடம் கொடுக்க வேண்டும். அங்கே நேம்சேர்வர் பற்றிக் கேட்டால் இருப்பதை அப்படியே வைத்திருக்கும்படி சொல்லுங்கள். பழையவர் விடுவிக்க ஐந்து நாள் வரை எடுக்கலாம். அந்த ஐந்து நாளும் மெயில் ஓடிக்கொண்டே இருக்கும்.

முடிவுத் திகதிக்கு ஒரு மாதமாவது இருக்கும்போது தொடங்குங்கள். டொமைன் காலாவதியானால் ரெஜிஸ்ட்ரார் பெயரைத் தன்னுடைய விளம்பரப் பக்கத்துக்குத் திருப்பிவிடலாம், அப்படிச் செய்தால் மெயிலும் நின்றுவிடும். பழைய ரெஜிஸ்ட்ராரின் கணக்கை இப்போதைக்கு மூடிவிடவும் வேண்டாம். தம்பியின் பெயர் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. உங்கள் பழைய டிஎன்எஸ் பட்டியலையும் அவர்கள் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கலாம். மெயில் நிறுவனத்தின் பக்கத்தில் இல்லாத வரி ஏதாவது இருந்ததா என்று ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.